நடக்காத சண்டைகள்

குத்துச்சண்டை பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், நடந்த சண்டைகளைப் பற்றிய பேச்சு வெகுநேரம் நீடிப்பதில்லை. அவற்றின் முடிவு எல்லோருக்கும் தெரியும்; வாதிட அதிகம் இல்லை. சற்று நேரத்தில் யாரேனும் ஒருவர், "சரி, 1938ஆம் ஆண்டின் ஜோ லூயிஸையும் 1967ஆம் ஆண்டின் அலியையும் ஒரே மேடையில் ஏற்றினால்?" என்று கேட்பார். அதன்பின் தேநீர் ஆறிப்போகும்.

எங்கள் இலக்கிய வட்டத்திலும் இந்த நோய் உண்டு. நாவல்களைப் பற்றியும் கவிதைகளைப் பற்றியும் பேசுவதற்கென்று கூடுகிறவர்கள்தாம் நாங்கள். ஆனால் கூட்டம் முடிந்த பிறகு வாசலில் நடக்கும் இரண்டாவது கூட்டம் பல வேளைகளில் குத்துச்சண்டையைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. நீளமான பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் இந்தக் கற்பனைச் சண்டைகளை எழுதிவைக்கிறோம். இடப்புறம் ஒருவர் பெயர், வலப்புறம் இன்னொருவர் பெயர், கீழே எங்கள் தீர்ப்பும் மாற்று வாக்குகளும். (1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் கண்ட பெரியவர் ஒருவர் எங்களில் உண்டு. அலி இடம்பெறும் பக்கங்களில் அவருடைய வாக்கை அவரைக் கேட்காமலே எழுதிவிடுவோம்.) இவ்வாறு பக்கங்கள் நிறைந்துகொண்டே வந்தபோது, இச்சண்டைகள் எல்லாம் ஓரினத்தவை அல்ல என்பது மெல்லப் புலப்பட்டது. அதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம்.

இந்த விளையாட்டு நாங்கள் கண்டுபிடித்ததன்று. 1967இல் மியாமியைச் சேர்ந்த மர்ரே வோரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலங்களையும் சேர்ந்த பதினாறு ஹெவிவெயிட் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பற்றிய விவரங்களைக் கணினியில் ஏற்றி, ஒரு கற்பனைப் போட்டித் தொடரை நடத்தினார். கணினி சொன்ன முடிவுகளை, நேரில் பார்த்து வர்ணிப்பது போன்ற குரலில் வானொலி ஒலிபரப்பியது. இறுதிச் சண்டையில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தினார். அலியோ காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். இந்த ஜெஃப்ரீஸ் 1899 முதல் 1905 வரை பட்டத்தை வைத்திருந்தவர்; அந்தப் பட்டத்துக்காகக் கறுப்பர் எவரோடும் மோத மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தவர். அப்படிப்பட்டவரிடம் தாம் தோற்றதாகச் சொன்னது அலிக்குப் பொறுக்கவில்லை. தம் பெயருக்குக் களங்கம் நேர்ந்துவிட்டதென்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

நடக்காத ஒரு சண்டையில் தோற்றதற்காக ஒருவர் வழக்குத் தொடுத்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அலியின் அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967 ஏப்ரலில் ஹூஸ்டனில் அவர் இராணுவச் சேர்க்கையை ஏற்காமல் நின்றார். பட்டம் பறிக்கப்பட்டது; உரிமங்கள் பறிக்கப்பட்டன; ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீட்டில் நின்றது. இருபத்தைந்து வயதில், தம் கால்கள் மிக வேகமாக இயங்கிய காலத்தில், அவர் மேடையேற வழியில்லை. உண்மையான சண்டைகள் மறுக்கப்பட்ட மனிதருக்குக் கற்பனைச் சண்டை ஒன்றை அளித்து, அதிலும் தோற்கடித்தார்கள்.

வழக்கு ஒரு சமரசத்தில் முடிந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் டாலருக்கு, மார்சியானோவோடு ஒரு படத்தில் மோத அலி உடன்பட்டார். 1969 கோடையில் மியாமியில் ஓர் அரங்கில் படப்பிடிப்பு நடந்தது. ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த மார்சியானோ, இருபது கிலோவுக்கு மேல் எடை குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக எழுபதுக்கும் மேற்பட்ட சுற்றுகளை நடித்தார்கள். பலவகை முடிவுகளும் படமாக்கப்பட்டன. எதைக் கணினி தேர்ந்தெடுக்கும் என்பது இருவருக்கும் சொல்லப்படவில்லை. மார்சியானோ அதைத் தெரிந்துகொள்ளவே இல்லை. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, தம் நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், ஐயோவா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து நொறுங்கியதில் அவர் இறந்தார்.

1970 ஜனவரி 20 அன்று படம் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான திரையரங்குகளில் காட்டப்பட்டது. பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்தினார். ஆனால் பிரிட்டனில் காட்டப்பட்ட பிரதியில், முகம் கிழிந்து இரத்தம் ஒழுகியதால் மார்சியானோவை நிறுத்தி அலிக்கு வெற்றி அளித்தார்கள். ஒரே கணினி, கடலுக்கு இப்பால் ஒரு தீர்ப்பும் அப்பால் ஒரு தீர்ப்பும் வழங்கியது! அந்தக் கணினி அலபாமாவில் செய்யப்பட்டது போலும் என்று அலி கேலி செய்ததாகச் சொல்வார்கள். அந்நாளைய அலபாமா கறுப்பர்களுக்கு எத்தகைய ஊர் என்பது தெரிந்தவர்களுக்கு அக்கேலியின் கசப்பும் தெரியும்.

பதின்மூன்றாம் சுற்று என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டத்தைப் பறித்ததும் பதின்மூன்றாம் சுற்றில்தான். அன்று முதல் சுற்றிலேயே கீழே விழுந்து, எல்லா நடுவர்களின் அட்டைகளிலும் பின்தங்கி, பிறகு ஒரே ஒரு குட்டையான வலக்கைக் குத்தில் சண்டையை முடித்தார். எதிர்காலத்தைச் சொல்லவேண்டிய இயந்திரம், கடந்தகாலத்தை அப்படியே திரும்பச் சொல்லியிருக்கிறது என்றுதான் நாங்கள் எண்ணுகிறோம்.

எங்கள் கணக்குப் புத்தகம் இச்சண்டையைப் பற்றி என்ன சொல்கிறது? மார்சியானோ ஐந்தடி பத்தங்குலம். எண்பத்தைந்து கிலோவுக்குச் சற்றே முன்பின். அலி ஆறடி மூன்றங்குலம். 1967இல் தொண்ணூற்றாறு கிலோ. கைநீட்டத்தில் பத்தங்குலம் அளவுக்கு வேறுபாடு. இந்த எண்களைப் பார்த்ததும் தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். ஆனால் மார்சியானோ நிமிர்ந்து நின்று சண்டையிட்டவர் அல்லர். இடுப்பை மடக்கித் தாழ்ந்து, எதிரியின் முழங்கைகளையும் தோள்களையும்கூடக் குத்திக் களைக்கவைத்து, அவர் கைகள் தாழும் கணத்துக்காகக் காத்திருப்பவர். தாழ்ந்து வந்து இடக்கை ஹூக்கை வீசுகிறவர்களிடம் அலி எப்போதும் சிரமப்பட்டிருக்கிறார். 1963இல் ஹென்றி கூப்பர் அவரைக் கயிற்றோரம் சாய்த்தார். 1971இல் ஜோ ஃப்ரேசியர் பதினைந்தாம் சுற்றில் வீழ்த்தினார். இருந்தும் எங்களுள் பெரும்பான்மையினர் அலிக்கே வாக்களித்தோம். மார்சியானோவின் தோல் எளிதில் கிழியக்கூடியது. 1954இல் எஸார்டு சார்லஸுடனான இரண்டாம் சண்டையில் அவர் மூக்கு இரண்டாகப் பிளந்தது. எட்டாம் சுற்றில் அவர் எதிரியை வீழ்த்தியிராவிட்டால் மருத்துவர் நிறுத்தியிருக்கக்கூடும். அலியின் இடக்கை ஜேப், சவரக்கத்தி போன்று ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்து விழுவது. பிரிட்டன் பிரதியே எங்களுக்கு நம்பும்படி இருக்கிறது.

இப்படியான சண்டைகள் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். காலம் பிரித்துவைத்தவர்களை நாம் சேர்த்துவைக்கிறோம். மார்சியானோ ஓய்வுபெற்றபோது அலிக்குப் பதினான்கு வயது. அவர்கள் மோதாததற்கு யார் பேரிலும் குற்றமில்லை. தோற்றவருக்கு நட்டமில்லை, வென்றவருக்கு இலாபமில்லை.

சிக்கல், ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வாழ்ந்து, ஒருவரையொருவர் அறிந்தும் மோதாமற்போனவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது வந்தது. எங்கள் புத்தகத்தில் டெம்ப்ஸியும் ஹாரி வில்ஸும் எதிரெதிரே வந்த பக்கத்தில்தான் முதன்முறையாக நாங்கள் உண்மையாகவே சண்டையிட்டுக்கொண்டோம்.

ஜாக் டெம்ப்ஸி 1919 முதல் 1926 வரை உலகப் பட்டத்தை வைத்திருந்தார். அந்த ஏழாண்டுகளில் பெரும்பகுதி அவருக்கு அடுத்த தகுதியாளர் என்று பலராலும் சுட்டப்பட்டவர் ஹாரி வில்ஸ். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பர்; ஆறடிக்கு மேல் உயரம், கட்டான உடல், எதிரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் குத்தும் பொல்லாத வித்தை கைவந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் உண்ணாநோன்பு இருப்பார் என்பது அவரைப் பற்றிய இன்னொரு வியப்பு. வெள்ளையர்கள் அவரோடு மோத முன்வராததால், அதே நிலையிலிருந்த சாம் லாங்ஃபோர்டோடு மட்டும் பதினைந்து தடவைக்கு மேல் மோதினார். ஒரே வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு பிழைக்க வேண்டியிருந்தது.

டெம்ப்ஸியின் சண்டைகளை நடத்தியவர் டெக்ஸ் ரிக்கார்டு. 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜாக் ஜான்சனையும், ஓய்விலிருந்து இழுத்துவரப்பட்ட ஜெஃப்ரீஸையும் மோதவிட்டவரும் அவரே. அன்று கறுப்பரான ஜான்சன் வென்ற செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின, உயிர்கள் போயின. அதன்பின் ரிக்கார்டு அத்தகைய பட்டச் சண்டை எதையும் தொடத் துணியவில்லை. 1925இல் வேறொருவர் ஏற்பாட்டில் டெம்ப்ஸியும் வில்ஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்தே இட்டார்கள். வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணம் கிடைத்தது, டெம்ப்ஸிக்கு வரவேண்டிய பணம் வரவில்லை, சண்டை கலைந்தது. வில்ஸுடன் மோதியே ஆகவேண்டும் என்று நியூயார்க் ஆணையம் பிடிவாதம் பிடித்தபோது, டெம்ப்ஸியின் அடுத்த சண்டை ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிற்று. அங்கே 1926 செப்டம்பரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், ஜீன் டன்னியிடம் அவர் பட்டத்தை இழந்தார். மூன்று வாரங்கள் கழித்து வில்ஸ் ஜாக் ஷார்க்கியிடம் தோற்றார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. கதவு திறக்கும் என்று காத்திருந்தே ஒரு மனிதரின் கால்கள் தளர்ந்துவிட்டன.

எங்கள் நண்பர்களில் ஒருவர் வழக்கம்போல் கணக்குப் போட்டார். லூயிஸ் ஃபிர்ப்போ என்ற அர்ஜென்டீனர் இருவருக்கும் பொது எதிரி. 1923இல் அவர் டெம்ப்ஸியைக் கயிறுகளுக்கு வெளியே பத்திரிகையாளர் மேசைகளின் மேல் தள்ளினார். ஆயினும் டெம்ப்ஸி இரண்டாம் சுற்றிலேயே அவரை முடித்தார். மறு ஆண்டு வில்ஸ் அதே ஃபிர்ப்போவோடு பன்னிரண்டு சுற்றுகள் ஆடினார். பத்திரிகைகள் வில்ஸே வென்றார் என்று எழுதின. ஆனால் வீழ்த்த முடியவில்லை. ஆகவே டெம்ப்ஸி ஆறாம் சுற்றில் நாக்-அவுட் என்றார் நண்பர். கணக்கு தவறென்று சொல்ல முடியாது. எங்களிலும் பலர், 1924க்குப் பிறகு மோதியிருந்தால் டெம்ப்ஸியே வென்றிருப்பார் என்றுதான் நினைக்கிறோம்.

இன்னொரு நண்பர் பேனாவை வாங்கி மூடிவைத்துவிட்டார். "நீங்கள் எழுதும் இந்தத் தீர்ப்பு யாருக்கு உதவும்? டெம்ப்ஸி எப்படியும் வென்றிருப்பார் என்று எழுதிவிட்டால், மோதவிடாததில் பெரிய அநியாயம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா? வில்ஸ் கேட்டது வெற்றியை அல்ல, தோற்பதற்கான உரிமையைத்தான். அதை நாம் கற்பனையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா?" என்றார். அன்று மழை வேறு. நெடுநேரம் வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் இன்றுவரை தீர்ப்பின்றி இருக்கிறது.

அவர் சொன்னதை முழுவதும் ஏற்காதவர்களும் எங்களில் உண்டு. நடக்காத சண்டையை மனக்கண்ணில் நடத்திப் பார்ப்பதும் ஒருவகை நினைவுகூரல்தானே, அதுவும் இல்லையென்றால் வில்ஸை யார் நினைப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. அதுவும் நியாயமே. ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் வென்றிருப்பார் என்று எழுதுவதற்கு முன், யார் தடுத்தார்கள் என்று எழுதுகிறோம்.

அப்படி எழுதத் தொடங்கியபின் பழைய பக்கங்களும் நிறம் மாறின. பீட்டர் ஜாக்சன் என்பவரை நாங்கள் முன்பு அடிக்குறிப்பாகவே வைத்திருந்தோம். செயின்ட் க்ராய் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கறுப்பர்; 1891இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜிம் கார்பெட்டோடு அறுபத்தொரு சுற்றுகள் மோதி, இருவரும் நிற்கமாட்டாத நிலையில் முடிவின்றிப் பிரிந்தவர். உலகப் பட்டத்தை வைத்திருந்த ஜான் எல். சல்லிவன், நிறத்தைக் காரணம் காட்டி ஜாக்சனோடு மோத மறுத்தார். கார்பெட்டோடு 1892இல் மோதி வீழ்ந்தார். ஜாக்சன் 1901இல் குயின்ஸ்லாந்தில் இறந்தார்.

தடுத்தவர்கள் எப்போதும் வெள்ளையர்கள்தாம் என்றும் சொல்வதற்கில்லை. 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி முதல் கறுப்பு ஹெவிவெயிட் உலக வீரரான ஜாக் ஜான்சன், அதன்பின் லாங்ஃபோர்டுக்குப் பட்ட வாய்ப்பைத் தரவே இல்லை. 1906இல் மாசசூசெட்ஸில் அவரை ஒருமுறை வென்றிருந்தார். அன்றைய லாங்ஃபோர்டு இளையவர், எடை குறைந்தவர். பின்னாளைய லாங்ஃபோர்டு வேறு ஆள். இரண்டு கறுப்பர்கள் மோதினால் வாயிற்காசு சேராது என்பது ஜான்சனின் கணக்கு. தம்மை ஓட ஓடக் காக்கவைத்த அதே கோட்டின் மறுபக்கத்துக்கு வந்ததும் அவரும் அதையே பயன்படுத்திக்கொண்டார். லாங்ஃபோர்டு கண்பார்வையை இழந்தார். 1944இல் அல் லேனி என்ற பத்திரிகையாளர் அவரைத் தேடிக்கொண்டு போனபோது, ஹார்லெமில் ஓர் இருட்டறையில் வறுமையில் இருந்தார்.

ஆனால் எங்கள் புத்தகத்தில் அதிகப் பக்கங்கள் பெற்றிருப்பவர் உலகப் பட்டம் எதையுமே வெல்லாத ஒருவர்: பிட்ஸ்பர்க் நகரத்துச் சார்லி பர்லி. 1936இல் நாஜிகளின் பெர்லின் ஒலிம்பிக்கை நாடாமல், அதற்கு எதிராக பார்சிலோனாவில் ஏற்பாடான மக்கள் ஒலிம்பிக்குக்குப் போனவர். உள்நாட்டுப் போர் மூண்டதால் அந்தப் போட்டியும் நடக்கவில்லை. (வாழ்க்கை முழுவதும் நடக்காத சண்டைகள் என்றே இவருக்கு எழுதியிருந்தது போலும்.) பின்னாளில் வெல்டர்வெயிட் பட்டம் வென்ற ஃபிரிட்ஸி ஸிவிக்கை இருமுறை தோற்கடித்தார், அதன் பலனாக ஸிவிக் தரப்பே பர்லியின் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டது. பிறகு எப்படி மோதுவது? சுகர் ரே ராபின்சனோடு அவர் மோதவே இல்லை. எந்த எடையிலும் ராபின்சனுக்கு நிகரில்லை என்று நம்புகிறவர்கள்தாம் நாங்களும். ஆனாலும் பர்லியின் பெயரை எதிரே எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. 1944இல் ஹாலிவுட்டில், தம்மைவிடக் கனமான ஆர்ச்சி மூரைப் பர்லி பலமுறை தரையில் வீழ்த்திப் புள்ளிகளில் வென்றார். அதே மூர்தான் பின்னர் உலக லைட்-ஹெவிவெயிட் வீரராகி, 1955இல் மார்சியானோவையும் ஒருமுறை தரையைத் தொடவைத்தார். தாம் சந்தித்தவர்களில் மிகச்சிறந்தவர் பர்லி என்று மூர் சொல்லிவந்தார். பர்லி தம் ஊரில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். அவர் வீட்டருகே வளர்ந்த சிறுவன் ஒருவன் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனாக வளர்ந்தான். அவருடைய 'ஃபென்சஸ்' நாடகத்தில் வரும் ட்ராய் மாக்சன், விளையாட்டில் இடம் மறுக்கப்பட்டுக் குப்பை அள்ளப் போனவர். அப்பாத்திரத்தில் பர்லியின் சாயல் உண்டு. மேடையில் கிடைக்காத இடம் நாடக மேடையில் கிடைத்தது என்று சொல்லி எங்கள் இலக்கிய மனம் ஆறுதலடையப் பார்க்கிறது. பர்லிக்கு அது என்ன ஆறுதலோ.

பிற்காலத்தில் தடைகள் வேறு உருவம் எடுத்தன. பெரும்பாலும் பணத்தின் உருவம். 1988இல் சியோல் ஒலிம்பிக் இறுதியில் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்ற ரிடிக் போ, 1992இல் தொழில்முறைப் பட்டம் வென்றதும், லூயிஸோடு மோதுவதற்குப் பதிலாகத் தம் பட்டக் கச்சைகளில் ஒன்றை இலண்டனில் குப்பைத் தொட்டியில் போட்டார். மேவெதர், பாக்கியாவோ இருவரும் 2009 முதல் பேசிப் பேசி 2015 மே மாதம் ஒருவழியாக மோதினார்கள். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தோம். ஆறாண்டுகளாக எங்கள் புத்தகத்தில் நடந்துகொண்டிருந்த சண்டை அதைவிட நன்றாக இருந்தது.

எங்களால் இன்னும் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று முடிவுசெய்ய இயலாத ஒரு சண்டை உண்டு: அலியும் கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சனும். 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றவர் ஸ்டீவன்சன். நெடிய உடல், அலட்சியமான இடக்கை, அதன் பின்னால் ஒளிந்து வரும் இடிபோன்ற வலக்கை. கியூபாவில் புரட்சிக்குப் பின் தொழில்முறை விளையாட்டு தடைசெய்யப்பட்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து பத்து லட்சம் டாலரும் அதற்கு மேலும் தருவதாக அழைப்புகள் வந்தன; கியூப மக்களின் அன்புக்கு முன் அந்தப் பணம் எம்மாத்திரம் என்று அவர் மறுத்தார். தடை அரசினுடையதா, அவருடையதா? அவர் மனமாரச் சொன்னார் என்று எங்களில் பாதிப்பேர் நம்புகிறோம். வேறு என்ன சொல்ல அனுமதித்திருப்பார்கள் என்று மறுபாதி கேட்கிறது. (கியூபா தன் வீரர்களைத் தொழில்முறைச் சண்டைக்கு அனுப்பத் தொடங்கியது 2022இல்.)

மூன்று சுற்று ஆடிப் பழகியவர் பதினைந்து சுற்றுக்குத் தாங்குவாரா என்பதுதான் வழக்கமான கேள்வி. சோவியத் வீரர் இகோர் வைசோட்ஸ்கி இருமுறை ஸ்டீவன்சனை வென்றதையும் மறக்கக்கூடாது. ஆனால் 1976இல் மான்ட்ரியலில் அவர் முதல் சுற்றிலேயே வீழ்த்திய ஜான் டேட், மூன்றே ஆண்டுகளில் தொழில்முறை உலகப் பட்டம் ஒன்றை வென்றார். அதே ஒலிம்பிக்கில் குறைந்த எடைப் பிரிவில் தங்கம் வென்ற லியோன் ஸ்பின்க்ஸ், 1978 பிப்ரவரியில் தம் எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே அலியிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். ஸ்பின்க்ஸால் முடிந்தது ஸ்டீவன்சனால் முடியாதா?

1996இல் அலி மருந்துப் பொருள்களோடு ஹவானாவுக்குச் சென்றார். பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பேச்சு ஏறத்தாழ நின்றுவிட்டிருந்தது. ஊர் முழுக்க அவருடன் சுற்றி வந்தவர் ஸ்டீவன்சன். காஸ்ட்ரோவின் விருந்தில், பொய்க் கட்டைவிரலுக்குள் கைக்குட்டையை மறைக்கும் தம் வழக்கமான மாயவித்தையை அலி செய்துகாட்டினார்; ஸ்டீவன்சனும் அங்கே இருந்தார். ஸ்டீவன்சன் 2012 ஜூனில் இறந்தார், அலி 2016 ஜூனில். எங்கள் பெரியவர் இந்தப் பக்கத்தில் மட்டும், கேட்காமல் தம் வாக்கை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். போன மாதம் கேட்டோம். எந்த ஆண்டு அலி என்று முதலில் சொல்லுங்கள் என்றார்.